நோட்டில் இல்லாத நூற்று எண்பத்தேழு

என் தொழிலில் பாதி காத்திருப்பதுதான். வெளியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சிப் வடிவமைக்கிறேன் என்றால் ராக்கெட் விடுகிறவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். நடப்பது இவ்வளவுதான்: கணினியில் இரண்டு வரி மாற்றுவேன், பட்டனைத் தட்டுவேன், அப்புறம் கணினி அதைச் சுற்றாகப் பின்னி முடிக்கும்வரை இருபத்தைந்து நிமிஷம் திரையில் ஒரு கோடு ஊர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போதெல்லாம் அந்த இருபத்தைந்து நிமிஷம் எனக்குப் பெரிய இம்சை. முன்பு அப்படி இல்லை. முன்பு எதிர் நாற்காலியில் அவன் இருந்தான்.

அறை திருவொற்றியூர் நெடுஞ்சாலை மேலேயே, முதல் மாடியில். கீழே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரி, மூடினால் புழுக்கம். மேற்கிலிருந்து காற்றடித்தால் மணலி ரிஃபைனரி வாசனை, கிழக்கிலிருந்து அடித்தால் கடல் வாசனை. இரண்டும் சேர்ந்து வந்தால் அவன் எழுந்துபோய் ஊதுவத்தி கொளுத்துவான். மூன்றும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நானும் அவனும் ஒரே கல்லூரி, ஒரே வருஷம். நான் ராயபுரம், அப்பா விசைப்படகில் இன்ஜின் ஓட்டுகிறவர். அவன் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பு. அவன் அப்பாவுக்கு ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை. படித்து முடித்து இரண்டு பேரும் தெற்கே பெரிய கம்பெனிகளில் சேர்ந்து, தினம் நாலு மணி நேரம் பஸ்ஸில் கழித்து அலுத்துப்போய், ஒரே மாதத்தில் வேலையை விட்டோம். தண்ணீர் பம்புகளுக்கு ஸ்டார்ட்டர் செய்கிற ஒருவர், வெளியூர் சிப்பை நம்பியிருக்காமல் சொந்தமாக ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் செய்து பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றோம். அந்த வயதில் எதைக் கேட்டிருந்தாலும் முடியும் என்றுதான் சொல்லியிருப்போம்.

கணக்குப் போடும் மூளைப் பகுதியை அவன் எழுதினான். வெளி உலகத்தோடு பேசும் பகுதிகளை நான் எழுதினேன்: டைமர், சீரியல் போர்ட், பின்கள். இதை நேராகத் தொழிற்சாலைக்கு அனுப்பிச் சிப்பாக்கிவிட முடியாது; ஒரு தப்பு இருந்தாலும் எல்லாம் குப்பை. அதனால் முதலில் எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் இறக்கிப் பார்ப்போம். அது வெறும் மனை மாதிரி. நாம் எழுதிய வடிவத்தை இறக்கினால் அந்தச் சிப்பாகவே நடந்துகொள்ளும். பிடிக்கவில்லையென்றால் அழித்து வேறொன்றை இறக்கலாம். எங்களிடம் இரண்டு போர்டு இருந்தன. அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

எங்கள் வடிவம் அழகாக ஓடும். எண்ணும், விளக்குப் போடும், திரையில் எழுதும். பிறகு திடீரென்று நின்றுவிடும். அவன் போர்டில் முக்கால் மணி நேரத்துக்குள், என் போர்டில் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து. ஏன் என்று மூன்று மாதம் தேடினோம்.

முதலில் கீழ்க்கடை மேல்தான் சந்தேகம். அவர் மோட்டாரைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டும். நான் இறங்கிப்போய்ச் சண்டையே போட்டேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமல் சொன்னார்: "யம்மா, இருபது வருசமா மோட்டார் போட்டுகினு கீறேன். உன் டப்பா நேத்து வந்துச்சு. இன்னா, மோட்டார நிப்பாட்டவா?" ஆனாலும் நல்ல மனுஷன். அன்றிலிருந்து மோட்டார் போடுவதற்கு முன்னால் குழாயில் ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டுவார், நாங்கள் போர்டை அணைத்துவிடுவோம். பிறகு அணைக்கவே தேவையில்லாதபடி யூ.பி.எஸ். வாங்கி வைத்தோம். அப்படியும் நின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

பிறகு நான் அவன் எழுதிய மூளையைக் குறை சொன்னேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் ஊரைக் கூட்டும். "உன் பிராசசர்லதான் ஓட்டை கீது" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். அவன் கத்தமாட்டான். "இருக்கும் தோஸ்து, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தான் எழுதியதை முதல் வரியிலிருந்து மறுபடி படிப்பான். அந்தப் பொறுமையைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரியும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழி இல்லாமல் இல்லை. வடிவத்துக்குள்ளேயே ஒரு கண்காணிப்புச் சுற்றை வைத்துப் பின்னலாம். வைத்தோம். வைத்ததும் இரண்டு நாள் நிற்காமல் ஓடியது. எடுத்தால் நின்றது. மறுபடி வைத்தால் ஓடியது. "வாத்தியார் வந்தாதான் படிக்கும் போல கீது" என்றான் அவன். அன்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழ்க்கடைக்காரர் மேலே ஏறி வந்து, நாங்கள் நன்றாக இருக்கிறோமா என்று பார்த்துவிட்டுப் போனார்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். பட்டனைத் தட்டுவதற்கு முன்னால் அதை நோட்டில் எழுத வேண்டும். லாங் சைஸ் நோட்டு, இடது ஓரத்தில் எண், நடுவில் மாற்றம், வலது ஓரத்தில் எத்தனை நிமிஷம் ஓடியது. எழுதிவிட்டுத் தட்டினால் இருபத்தைந்து நிமிஷம் எங்களுக்குச் சொந்தம். காலையென்றால் டீ. சாயங்காலம் என்றால் ரோட்டைக் கடந்து கடலுக்குத் தடுப்பாகக் கொட்டியிருக்கும் கல்மேல் போய் உட்காருவோம், கையில் பர்மா நூடுல்ஸ், அத்தோ பொட்டலம் இருக்கும். அவன் வெங்காயத்தைப் பொறுக்கி என் பக்கம் தள்ளுவான். துறைமுகத்துக்குள் போக முறைக்காக நிற்கும் கப்பல்களை எண்ணுவோம். என்னத்தைப் பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. பேசாமல் இருந்ததும் நினைவில்லை. இருபத்தைந்து நிமிஷம் ஆனதும் அவன்தான் முதலில் எழுவான், என்னைத் தூக்கிவிடக் கை நீட்டுவான். கல் வழுக்கும் என்பது ஒரு சாக்கு. எனக்கு அந்தக் கல்லெல்லாம் பிறந்ததிலிருந்து பழக்கம்.

எனக்கு அவன்மேல் ஆசை இருந்தது. இதை இங்கே எழுதுவது சுலபமாக இருக்கிறது. அப்போது வாயில் வரவில்லை.

இரண்டாவது மாதத்திலேயே அவனுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சிப் கம்பெனி வேலை வந்திருந்தது. கடிதத்தை என்னிடம்தான் முதலில் காட்டினான். நல்ல வேலை, அவன் வீட்டு நிலைமைக்குக் கடவுள் கதவைத் தட்டிய மாதிரி. நான் "சூப்பர்" என்றேன். அவன் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது ஓடாம நான் எங்கியும் போவல" என்றான். அவர்களுக்கும் எழுதிப்போட்டான், அவர்களும் தவணை கொடுத்தார்கள். அன்றிலிருந்து போர்டு நின்றுபோகும்போதெல்லாம் நான் வெளியில் தலையில் அடித்துக்கொள்வேன், உள்ளே ஒரு மூலையில் சந்தோஷப்படுவேன். இப்படிப்பட்ட இஞ்ஜினீயரை யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது.

ஒரு சனிக்கிழமை, அவனுக்கு அவர்கள் கிரவுண்டில் ஃபுட்பால் மேட்ச். நான் மட்டும் அறையில் இருந்தேன். அவன் எழுதியதைப் படித்துப் படித்துச் சலித்து, சும்மா ஒரு மாறுதலுக்கு என் சீரியல் போர்ட்டைத் திறந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. வெளியிலிருந்து வரும் சிக்னல் சிப்பின் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டு வராது, இஷ்டத்துக்கு வரும். அதனால் வாசலிலேயே இரண்டு படி வைத்து, கடிகாரத்தோடு ஒத்துப்போக வைத்துத்தான் உள்ளே விட வேண்டும். முதல் வருஷப் பாடம். ஒரு வழியில் வைத்திருந்தேன். மூளையைக் கூப்பிடும் இன்னொரு வழியில் வைக்க மறந்துவிட்டேன். எப்போதாவது ஒருமுறை சிக்னல் கடிகாரம் துடிக்கும் அதே கணத்தில் வந்தால், சிப்பின் ஒரு பக்கம் 'வந்துவிட்டது' என்கிறது, இன்னொரு பக்கம் 'இல்லை' என்கிறது. அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. மூன்று மாதமாக அவனைத் திட்டிய திட்டெல்லாம் என்னுடையது.

இரண்டு படியையும் வைத்தேன். அவசரத்தில் நோட்டில் எழுதாமல் தட்டிவிட்டேன். பதினொரு மணிக்கு இரண்டு போர்டிலும் இறக்கினேன். முக்கால் மணி நேரம் தாண்டியது. மூன்று மணி நேரம் தாண்டியது. சாயங்காலம் ஆறு வரைக்கும் இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தன. நான் சாப்பிடக்கூட இல்லை. ஆறு மணிக்கு நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தேன். எழுதினால் திங்கட்கிழமை அவன் பார்ப்பான். ஒரு வாரத்தில் டிக்கெட் போடுவான். பேனாவை மூடிவிட்டேன். வைத்த இரண்டு படியையும் எடுத்துவிட்டு, பழையபடியே மறுபடி பின்னி, 'மாற்றம் இல்லை, மறு ஓட்டம்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

தப்பை மறைத்த வெட்கம் என்று யாராவது நினைக்கலாம். அது கால் பங்குகூட இல்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் சாயங்காலங்கள் வேண்டியிருந்தன.

திங்கள், செவ்வாய், புதன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற மாதிரி அவனோடு சேர்ந்து தேடினேன். அவன் என்னவோ அந்த மூன்று நாளும் கலகலவென்று இருந்தான். எப்போதும் இருபத்தைந்து நிமிஷத்துக்கு எழுந்துவிடுகிறவன், செவ்வாய்க்கிழமை கல்லைவிட்டு எழவே இல்லை. "இன்னா அவசரம், ஓடிப்போயிடுமா?" என்றான். நான் பூரித்துப்போனேன்.

புதன்கிழமை, டீ குடிக்கும்போது சொன்னான்: "தோஸ்து, வெள்ளிக்கிழமைதான் கடசி நாளாம், அதுக்கு மேல தவணை இல்லன்னுட்டாங்கோ. வேணாம்னு எழுதிடலாம்னு கீறேன். இங்க வேல கீதே." நான் நினைத்தது நடந்தேவிட்டது. ஆனால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டேன். தீர்ந்துபோன ஒரு பழுதுக்காக ஒருத்தன் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்ளப் பார்க்கிறான், அதற்கான மருந்தை நான் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். அவன் அம்மா மாடி ஏற முடியாமல் ஏறும் அந்த நாலு மாடிப் படிகள் எனக்குத் தெரியும். இப்படி ஒருத்தனை நிறுத்தி வைத்துக்கொண்டால் தினமும் அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

வியாழக்கிழமை காலையில் அவன் வந்ததும், "கண்டுபிடிச்சிட்டேன், என் தப்புதான், சீரியல் போர்ட்" என்று சொன்னேன். நோட்டில் எழுதி, அவன் கண் முன்னாலேயே தட்டினேன். அவன் நான் எழுதியதை ரொம்ப நேரம் படித்தான். பிறகு, "சரி" என்றான். அவ்வளவுதான். மூன்று மாதத் தலைவலி தீர்ந்த ஆள் மாதிரி இல்லை. என்மேல் கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று அந்த இருபத்தைந்து நிமிஷம் நாங்கள் கீழே இறங்கவில்லை.

எழுபத்திரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் தேறியது என்று பம்புக்காரரிடம் ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை அவன் அந்தக் கம்பெனிக்கு வருகிறேன் என்று எழுதிப்போட்டான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு போர்டும் எழுபத்திரண்டைத் தாண்டின. கீழ்க்கடை மூடியிருந்தது, ரோட்டில் லாரிகூட அதிகம் இல்லை. அவன் நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பிவைத்து, ஓரத்தில் விரலை ஓட்டினான்.

"நூத்தி எம்பத்தாறு. அப்பால நூத்தி எம்பத்தெட்டு. ஏழு எங்க?"

வடிவத்துக்கு எண்ணை நாங்கள் போடுவதில்லை. பட்டனைத் தட்டினால் கணினியே போட்டு, அந்த எண்ணுள்ள ஃபோல்டரில் சேமித்துவைக்கும். நோட்டில் எழுதாமல் மறைத்த எனக்கு, அந்த ஃபோல்டரை அழிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எங்கள் தொழிலில் யாரும் பழைய வடிவத்தை அழிப்பதில்லை. கை அதற்குப் போகாது.

"எழுத மறந்துட்டேன்" என்றேன்.

"திங்கக்கிழமையே அந்த ஃபோல்டர பாத்தேன்" என்றான். "நீ சாப்பிடப் போனப்போ என் போர்டுல எறக்குனேன். முக்கா மணி தாண்டியும் ஓடுச்சு. தெறந்து பாத்தேன், நீ இன்னா பண்ணியிருக்கன்னு புரிஞ்சுச்சு. நீ எதுக்கு மறைச்சன்னும் புரிஞ்சுச்சுன்னு நெனச்சேன்."

அப்படியென்றால் அந்த மூன்று நாளும் தேடுவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டேதான் என்னோடு தேடியிருக்கிறான். புதன்கிழமை வேலை வேண்டாம் என்று எழுதுவதாகச் சொன்னது பழுதுக்காக இல்லை.

"வியாழக்கிழமை நீயே சொல்லிட்ட. சரி, என்னிய போன்னு நீ சொல்றன்னு எடுத்துக்கினேன்" என்றான்.

சொல்லிவிட்டு அவன் எழவில்லை. நோட்டையும் மூடவில்லை. எழுதிப்போட்ட கடிதத்துக்கு இன்னொரு கடிதம் எழுத முடியும். டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. 'இல்லை, போகாதே' என்று இரண்டே சொல். ஊரைக் கூட்டும் என் வாய்க்கு அது ஒரு பெரிய விஷயமா? அவன் காத்திருந்தான். அவன் எனக்காக அப்படிக் காத்திருந்தது எவ்வளவு நேரம் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

"டிக்கெட் எப்போ போடப்போற?" என்று கேட்டேன்.