டம்ளரில் ஒலித்த மணி

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நான் பேச்சுப் பயிற்சி செய்யும்போது நேரம் பார்த்தவன் என் நண்பன். என் நேரம் முடிந்ததும் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவான். மணி ஒலித்தபின் ஒரு சொல்லும் பேசாதவன் என்று கல்லூரி மேடைகளில் எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் மிகவும் விரும்பினேன்.

அவனுடைய பெற்றோர் சிறு வயதில் ஈழத்திலிருந்து படகில் வந்தவர்கள். அவன் பிறந்தது ஆவடியில். போர் ஓய்ந்து பல ஆண்டுகள் கழிந்தபின், ஊர் திரும்புவதென்று அவன் தந்தை முடிவெடுத்தார்.

"நான் அங்க போயி இன்னா மச்சான் பண்ணுவேன்? என் பேச்சக் கேட்டா அவங்களே சிரிப்பாங்க. நீ வந்து எங்கப்பாகிட்ட சொல்லு. உன் பேச்சுன்னா கேப்பாரு."

அந்த ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அமைதி ஒப்பந்தங்கள் ஏன் நிலைப்பதில்லை என்று தொடங்கினேன். கையெழுத்திடுவோர் கைகுலுக்கிக்கொள்கிறார்கள், வீடிழந்தவர்களை ஒருவரும் கேட்பதில்லை என்றேன். கைதட்டலுக்கு இடம் விடும் பழக்கத்தில் சற்று நிறுத்தினேன்.

சமையலறை வாசலில் நின்ற அவன் தாய்தான் பேசினார். "உண்மைதான் தம்பி. ஒப்பந்தம் எண்ட அண்டைக்கு ஊரே சந்தோசத்தில வெடி கொளுத்தினது. அந்த மாரிக்குள்ளயே திரும்பச் சண்டை, நாங்கள் படகில ஏறிட்டம்."

வலுவான கருத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன்: உங்கள் மகனுக்கு ஊர் இதுதான், அவனை விட்டால் எனக்கும் இங்கே நண்பன் இல்லை. அதற்கு வாய் திறக்கும்போது டம்ளர் ஒலித்தது. தேநீரில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தவன், நேரமானதும் பழக்கத்தில் தட்டிவிட்டான். பழக்கத்தில் நானும் நிறுத்திவிட்டேன்.

தந்தை சிரித்தார். "நல்லாப் பேசினீர் தம்பி. ஒப்பந்தத்தை நானும் நம்பேல்லை. ஊரில என்ர தங்கச்சி எங்கட கிணறு இறைச்சு வைச்சிருக்கிறாள். 'அண்ணை, தண்ணி தெளிஞ்சிட்டுது, வாங்கோ' எண்டாள். அதை நம்பித்தான் போறன்."

அரசுகளுக்கு மறுப்புரை வைத்திருந்தேன். அவருடைய தங்கைக்கு என்னிடம் மறுப்புரை இல்லை.

"கை தானா போய்டிச்சி மாமே," என்றான் அவன், என்னை வழியனுப்ப மாடிப்படியில் இறங்கும்போது.

அவர்கள் போய்விட்டார்கள். நான் இப்போதும் அதே கரையில்தான் பயிற்சி செய்கிறேன். நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் இருட்டும்வரை பேசுகிறேன். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், கைப்பேசியில் யாரோடோ பேசுகிறேன் என்று எண்ணி, எனக்கு வழிவிட்டு விலகிப் போகிறார்கள்.