இடி, இடி என்று கேட்டது

அன்னைக்கு ஷெட்டுல இருந்தது மூணே பேரு. நான், எனக்க வீட்டுக்காரி சுதா, அவளுக்க தம்பி அனி. வேற ஆள் கெடையாது. அத முதல்லயே சொல்லிடுதேன், பொறவு ஆராவது வெளிய நின்னு கூப்பிட்டிருப்பாவன்னு நீங்க சொல்லப்பிடாது. பேய், அருளு, குறி ஒண்ணுலயும் எனக்கு நம்பிக்க இல்ல. பயம் உண்டு, அது வேற. வானம் கறுத்தா வீட்டுல பிளக்கெல்லாம் உருவுறவன் நான். வெள்ளறடையில எங்க ரப்பர் ஷெட்டுக்குப் பின்னால செம்மண் திட்டு ரெண்டாள் ஒசரத்துக்கு நிக்கும், ஒவ்வொரு மழைக்கும் அத ஏறிட்டுப் பாத்தே எனக்குக் கழுத்து வலி. அத்தான் இப்படிப் பாத்தா அது வெக்கப்பட்டே விழுந்திரும்னு அனி சிரிப்பான்.

எனக்க போன்ல எப்பவும் ஓடுறது ருஷ்யாக்காரங்க பாட்டு. ஏழாங்கிளாசோட நிறுத்துனவனுக்கு அது எப்படிக் கெடச்சுதுன்னு கேப்பீங்க. ரப்பர் பால ஷீட்டா அடிக்குற ரோலருக்கு கிரீஸ் போடுற வீடியோ பாத்துட்டு இருந்தேன், அது தீந்ததும் போன் தானா அடுத்தத ஓட்டிச்சு. பெரிய ஹால், கறுப்பு உடுப்புல நாப்பது பேரு, ஒரு மொகத்துலயும் சிரிப்பில்ல. பழசு இல்ல, இப்ப உயிரோட இருக்குற ஒரு அம்மா எழுதுனதாம். அடியில ஒரு குரல் முனங்கும், அதுக்கு மேல இன்னொண்ணு, அப்படியே ஏறி ஏறி நெஞ்சு வெடிக்கப்போற எடத்துல நிக்கும். நான் தாறுமாறா பயப்படுறத அவங்க ஒழுங்கா பயப்பட்டாங்க, அதாக்கும் எனக்குப் பிடிச்சுது. பொறவு பியானோ, வயலின்னு அந்த நாட்டுல இப்ப எழுதுறவங்களுக்க வீடியோவாத் தேடிக் கேட்டேன். சுதாவுக்கு எல்லாமே எழவு வீட்டுப் பாட்டு.

ஜூன் மாசம், இடவப்பாதி மழ. மத்தியானம் ரோலர்ல ஷீட்டு அடிச்சிட்டு இருந்தோம், எனக்க சட்டப்பையில போன், அதுல அந்த மொதப் பாட்டு. குரலெல்லாம் ஏறி நிக்கப்போற எடத்துல “இடி, இடி”ன்னு கேட்டுது, தெளிவா. எங்க பக்கம் இடின்னா வானத்து இடியும்தான், மண்ணு இடியுறதும்தான். வானத்து இடின்னா நான் உள்ள ஓடி ஒளியுறவன். அன்னைக்கு எனக்க காலு வெளிய ஓடிச்சு, நம்பினா நம்புங்க. ஒரு கையில சுதா, மறு கையில அனிக்க சட்ட.

“அத்தான், ஷீட்டு கெடக்கு.”

“கெடக்கட்டும், வாலே.”

சட்ட கிழிஞ்சுது, நான் விடல. கெணத்தடிக்கு வந்து மூச்சு விடுறதுக்குள்ள திட்டு மொத்தமா ஷெட்டு மேல எறங்கிச்சு. ரோலர் எங்க, ஓடு எங்க, எல்லாம் செம்மண்ணு.

ஊரே வந்து பாத்துது. பஞ்சாயத்து மெம்பருக்க முன்னால, கிழிஞ்ச சட்டையோட அனி சொன்னான்: “எங்க அத்தான் பயந்தாரு, அதான் நாங்க உயிரோட நிக்கோம்.” நாப்பத்தாறு வயசுல எனக்க பயத்துக்குக் கெடச்ச மொத மரியாத. அன்னைக்கு நெஞ்ச நிமித்தி நடந்தேன். இப்ப மழ வந்தா அந்தப் பாட்டப் போடச் சொல்லுறதே சுதாதான், சத்தம் பத்தாதுன்னும் சொல்லுவா.

பக்கத்து வீட்டு ரேஷ்மா ருஷ்யாவுல டாக்டருக்குப் படிக்கா. லீவுக்கு வந்தப்ப விஷயத்தச் சொன்னேன். “மாமா, அங்க இடின்னா ‘போயிரு’ன்னு அர்த்தமாக்கும்”னா. எனக்குப் புல்லரிச்சுது. அவளே இயர்போன் மாட்டி முழுசும் கேட்டா, திருப்பியும் கேட்டா, மொகம் மாறிட்டு.

“இதுல வார்த்தையே இல்லியே மாமா.”

பொறவு நானும் அந்த வீடியோவ இருந்து பாத்தேன். இன்னைக்கும் பாக்கேன். தொடக்கம் மொதல் கடைசி வர, நாப்பது பேருக்க வாயும் மூடியே இருக்கு.