முப்பத்தொரு தோளில் தூங்கிய வழுக்கைத் தலையர்

போன வாரம் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வீட்டு வாசலில் ரோட்டுக்குத் தார் போட்டார்கள். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தார் வாடை. வாடையே தேவலை என்று திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே என் மகள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவளும் ஆசிரியை. குடும்ப வியாதி.

அவள் திருத்துகிற அழகைப் பார்க்க வேண்டுமே! பிள்ளைகள் பென்சிலால் கறுப்பாக்கிய புள்ளிகள் நிறைந்த தாள். அதன்மேல் ஓட்டை போட்ட ஓர் அட்டையை வைக்கிறாள். ஓட்டைக்குள் கறுப்பு தெரிந்தால் மார்க், வெள்ளை தெரிந்தால் கிடையாது. நான் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் நாற்பது பிள்ளைகளின் விதி முடிந்துவிட்டது.

"ஏம்மா, இதுல படிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"படிச்சா எப்பப்பா முடிக்கிறது? நீங்கல்லாம் ஒவ்வொண்ணா உக்காந்து படிச்சீங்களா?"

"படிச்சோமே" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உள்ளே என்னமோ உறுத்தியது. அந்த நேரம் பார்த்துத் தார் வாடை இன்னொரு அலை வந்தது. தார் என்றால் எனக்கு ரோடு ஞாபகம் வராது. பெரிய வாத்தியாரின் அறையும், அங்கே வந்து நின்ற ஒரு மனிதரும்தான் ஞாபகம் வரும்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். எனக்கு இருபது வயது, பென்சிலால் வரைந்தது போன்ற மீசை, தற்காலிக வாத்தியார் உத்தியோகம். இந்தப் பக்கத்தில் அப்போது ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி இருந்தது. தகரக் கூரை. மழை பெய்தால் பாடம் கேட்காது. அதனால் மழையைப் பிள்ளைகளும் விரும்பினார்கள், நானும் விரும்பினேன். ஆறாம் வகுப்பு என்னிடம். முப்பத்திரண்டு பேர்.

தலைமையாசிரியரை எல்லோரும் பெரிய வாத்தியார் என்றுதான் சொல்வோம். இந்தியாவிலிருந்து வந்தவர். கட்டுரைக்கு மொத்தம் இருபது மார்க். அவர் அறிய ஒருவரும் பதினாலைத் தாண்டியதில்லை. "மிச்சம் ஆறு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "அது கவர்மெண்டுச் சொத்து தம்பி, நாம தொடக்கூடாது" என்றார்.

அவருடைய முறை இதுதான். ஒவ்வொரு தலைப்புக்கும் பன்னிரண்டு குறிப்புகள். குறிப்புக்கு ஒரு மார்க். தாளில் அந்தக் குறிப்பு இருந்தால் ஒரு சிவப்புக் கோடு, இல்லாவிட்டால் இல்லை. கையெழுத்து, தொடக்கம், முடிவு எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டு. அதில் இரண்டுக்கு மேல் தர அவருக்குக் கை வராது. பரீட்சைக்கு முன்னால் பன்னிரண்டு குறிப்பும் வருகிற மாதிரி ஒரு மாதிரிக் கட்டுரையை வகுப்பாசிரியர் கரும்பலகையில் எழுத வேண்டும். பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு எல்லோரும் சுகமாகப் பாஸ்.

அந்த வருஷத் தலைப்பு, 'நான் சென்ற இரயில் பயணம்'. குறிப்புகள் இந்தியப் புத்தகம் ஒன்றிலிருந்து வந்தவை. டிக்கெட் வாங்குவது, உறவினரிடம் விடைபெறுவது, இரயில் கூவுவது, மரங்கள் பின்னோக்கி ஓடுவது, இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவதை நீயே சேர்த்துக்கொள் என்று பெரிய வாத்தியார் எனக்குச் சலுகை கொடுத்திருந்தார். அதுதான் என் இலக்கிய வாழ்வின் ஆரம்பம். 'என் அருகில் அமர்ந்திருந்த வழுக்கைத் தலையர் ஒருவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்' என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டடி தள்ளி நின்று கரும்பலகையை ரசித்தேன்.

இதில் ஒரு சின்ன விஷயம். மலாக்காவில் இரயில் கிடையாது. சண்டைக்கு முன்னால் இருந்தது. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாமில் பாதை போடக் கொண்டுபோய்விட்டான். அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் இரயிலில் போனதில்லை. மாதிரிக் கட்டுரை எழுதிய மேதையும் போனதில்லை. இது எங்கள் யாருக்கும் விசித்திரமாகவே படவில்லை. கட்டுரை வேறு, ஊர் வேறு என்றுதான் நினைத்திருந்தோம்.

பரீட்சை முடிந்து தாள்களை என் அறைக்குக் கொண்டுவந்தேன். அப்போது நான் செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். செட்டியார்கள் அல்ல, மலாக்காச் செட்டிகள் வேறு. நாக்கில் மலாய், நெற்றியில் திருநீறு. வீட்டுக்காரம்மாவை நான் பீபி என்று கூப்பிடுவேன். கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக, காலையில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து பிளாச்சான் விழுது வறுப்பார். இன்றுவரை பக்தியும் இறால் வாடையும் என் மூக்கில் சேர்ந்தேதான் இருக்கின்றன.

சிவப்பு மை மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு மத்தியானம் திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளில் வழுக்கைத் தலையர் ஒரு பையனின் தோளில் தூங்கினார். இரண்டாவது தாளில் ஒரு பெண்ணின் தோளில் தூங்கினார். பத்தாவது தாளில் எனக்கே கொட்டாவி வந்தது. இருபதுக்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவம், அந்த மனிதர் ஒரே நாளில் எத்தனை தோள்தான் மாறுவார்!

பீபி கதவோரம் எட்டிப் பார்த்தார். "அபா கெலாக், சிகூ?" வாத்தியாருக்கு என்ன சிரிப்பு என்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. மலாயில் சொன்னேன். அவரும் சிரித்தார். நான் அடுத்த தாளை எடுத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அது அஞ்சலையின் தாள். கரும்பலகையில் மாதிரி எழுதிய வாரம் அவளுக்குப் பொன்னுக்குவீங்கி, பள்ளிக்கு வரவில்லை. மனப்பாடம் செய்ய அவளிடம் எதுவும் இல்லை. இப்படி எழுதியிருந்தாள்:

'எங்கள் ஊரில் இரயில் இல்லை. நான் இரயிலில் போனதில்லை. அதனால் என் அப்பா போன பயணத்தை எழுதுகிறேன். ஜப்பான்காரர்கள் எங்கள் ஊர்த் தண்டவாளத்தைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு என் அப்பாவையும் கடைத்தெருவில் பிடித்துக் கொண்டுபோனார்கள். வீட்டில் சொல்லிக்கொள்ள விடவில்லை. மாடு ஏற்றும் பெட்டியில் ஏற்றினார்கள். யாரும் டிக்கெட் கேட்கவில்லை. அங்கே அப்பா தண்டவாளம் போட்டார். அது எங்கள் ஊர்த் தண்டவாளமாகவும் இருக்கலாம். அப்பா திரும்பி வந்துவிட்டார். தண்டவாளம் வரவில்லை. ஒருநாள் பழைய ஸ்டேஷன் இருந்த இடத்துக்கு அப்பா என்னைக் கூட்டிப்போனார். அங்கே ஆடு மேய்ந்தது. இங்கேதான் இரயில் நிற்கும் என்றார். நாங்கள் கொஞ்ச நேரம் நின்றோம். இரயில் வரவில்லை. அப்பா அழுதார். பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம்.'

பீபிக்கு இதையும் மலாயில் சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டியால் அந்தத் தாளைக் காட்டினார். "காசி டியா லூலூஸ் லா, சிகூ" என்றார். அவளுக்குப் பாஸ் போட்டுவிடு என்று அர்த்தம். என் வாழ்க்கையில் நான் சந்தித்த பரீட்சை அதிகாரிகளில் அவரைவிட வேகமாகவும் சரியாகவும் மார்க் போட்டவர் கிடையாது.

ஆனால் பாஸ் போடும் அதிகாரம் பீபியிடம் இல்லை. என்னிடமும் இல்லை. பன்னிரண்டு குறிப்பில் ஒன்றுகூடத் தாளில் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டுரையில் பெயில் என்றால் வகுப்பிலேயே பெயில். ஆறாம் வகுப்பு பாஸ் என்ற தாள் இருந்தால்தான் அஞ்சலை பெரிய பள்ளிக்குப் போகலாம். இல்லையென்றால் டவுனில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குத் தயாராக இருந்தது. மார்க் போடாமலே தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெரிய வாத்தியார் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாத முகம் அது.

"தம்பி, ரயில் ஏறாதவளுக்கு ரயில் பயணத்துல எப்படி மார்க்கு?"

"ஐயா, மத்த முப்பத்தொரு பேரும் ஏறல."

"மாதிரி எழுதினவன்?"

"அவனும் ஏறலங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது உண்மையா, கற்பனையா? உண்மைன்னா அது சமாச்சாரம். பேப்பர்க்காரனுக்கு அனுப்பலாம். கட்டுரைன்னா கொஞ்சமாவது கற்பனை வேணும். தகப்பனை வரச்சொல்லு."

சாயங்காலமே வந்தார். ரோட்டு வேலைக்காரர். தலையில் கட்டியிருந்த துண்டை வாசலிலேயே அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காலிலும் கையிலும் தாரோடு நின்றார். உட்காரச் சொன்னால் நாற்காலி கெட்டுப்போகும் என்று மறுத்துவிட்டார். அஞ்சலை அவருக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். மகள் ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்றே அவர் நினைத்தார்.

"என்னாங்க சார் பண்ணுச்சு? அடிச்சுக்கூடக் கேளுங்க."

நான் தாளை வாசித்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் தலை நிமிர்ந்தார்.

"எல்லாம் நெசந்தாங்க. வூட்ல சொன்னத எழுதிக்கிது. ஒண்ணே ஒண்ணு பொய்யிங்க. நான் அழுவல. அன்னிக்கு நல்ல வெயிலு. வேர்வையத் தொடச்சேன்."

அஞ்சலை பின்னாலிருந்து மெதுவாக, "அழுதீங்கப்பா" என்றாள்.

"சும்மா இரு புள்ள. வேர்வைன்றேன்."

பெரிய வாத்தியார் மேசையில் ஓங்கித் தட்டினார். "போதும்! தகப்பனே சொல்லிட்டார். வேர்வையைக் கண்ணீர்னு எழுதியிருக்கா. கற்பனை! தம்பி, குறிப்பை எடு."

இனி நடந்ததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பதினாலுக்குமேல் போடாத அந்த மனிதர், கொலைக் கேசில் வக்கீல் வாதாடுவது போல வாதாடத் தொடங்கினார்.

"டிக்கெட். யாரும் கேக்கலன்னு எழுதியிருக்கா. டிக்கெட்டைப் பத்தின செய்தி இருக்கு. ஒண்ணு. விடைபெறுதல். சொல்லிக்கொள்ள விடலை. இதைவிடப் பெரிய விடைபெறுதல் எங்க இருக்கு? ரெண்டு. ரயில் கூவுறது..."

"இல்லைங்களே ஐயா" என்றேன்.

"கொஞ்ச நேரம் நின்னாங்க, வரலன்னு எழுதியிருக்காளே, எனக்குக் காதுல கேட்டுச்சு. உனக்குக் கேக்கலையா? மூணு. இயற்கைக் காட்சி, ஆடு. நாலு."

இப்படியே பதினொன்று ஆனது. பன்னிரண்டாவதில் நின்றார். வழுக்கைத் தலையர். கண்ணாடிக்கு மேலாக என்னை முறைத்தார். "இது உன் சரக்குதானே?" பிறகு அவர் பார்வை என்னைத் தாண்டிப் போய், துண்டு அவிழ்த்த அந்தத் தலையில் நின்றது. சாயங்கால வெயிலில் அது பளபளவென்று மின்னியது.

"முடி எப்ப போச்சு?"

"சயாம் காய்ச்சல்ல மொத்தமா போச்சுங்க."

"ஸ்டேஷனைப் பாத்துட்டு பஸ்ல வந்தீங்களே, தூங்கினீங்களா?"

அவர் வெட்கப்பட்டார். "பஸ்ஸு ஏறினாலே தூங்கிருவேனுங்க. இந்தப் புள்ள தோள்லதான் சாஞ்சிக்குவேன்."

"பன்னிரண்டு!" என்றார் பெரிய வாத்தியார்.

நான் ஒரு முட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாமல்லவா? "அது தாள்ல இல்லையே ஐயா" என்றேன்.

"நீ யார் பக்கம் தம்பி?"

சிவப்புப் பேனாவை எடுத்தார். பன்னிரண்டு போட்டார். பிறகு பக்கத்தில் ஐந்து போட்டார். கூட்டிப் பதினேழு என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்குமுன் யாரும் சிவப்பு மையில் பார்த்திராத எண். கவர்மெண்டுச் சொத்தில் அன்று மூன்று மார்க் களவு போனது.

அந்த மனிதருக்குப் படிக்கத் தெரியாது. அஞ்சலை நீட்டிய தாளைப் பார்த்துவிட்டு, "இதுல எதுங்க மார்க்கு?" என்று கேட்டார். அஞ்சலை விரல் வைத்துக் காட்டினாள். அவர் தாரில்லாத ஒரு விரலைத் தேடிப் பார்த்தார், இல்லை. தொடாமலே குனிந்து பார்த்துக்கொண்டார்; அஞ்சலை தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று அவர்கள் போனபோது ரோடு அவருடையது போல நடந்தார். ஒரு வகையில் அவருடையதுதானே, அவர் போட்ட ரோடுதான்.

தை மாதம் அஞ்சலை பெரிய பள்ளிக்குப் போனாள். போகும் வழியில் எங்கள் பள்ளி வேலியைத் தாண்டும்போதெல்லாம், "சார்!" என்று ஒரு சத்தம் போடுவாள். நான் பாடத்தை நிறுத்திக் கையை ஆட்டுவேன். இரயில் போவது போலத்தான்.

பரீட்சைத் தாள்களை ஒரு வருஷம் வைத்திருந்து எரித்துவிட வேண்டும் என்பது விதி. அடுத்த வருஷக் கடைசியில் அந்தக் கட்டை எடுத்து எண்ணினேன். முப்பத்தொன்று இருந்தது. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்றுதான். முப்பத்தொரு வழுக்கைத் தலையர்களும் ஒரே நெருப்பில் போனார்கள். பெரிய வாத்தியார் அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஓய்வு பெற்றுக் கப்பல் ஏறியிருந்தார். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

பள்ளி இருந்த இடத்தில் இப்போது கார் பட்டறை. பீபி இல்லை, செட்டிக் கம்பத்தில் அந்தப் பின்னறையும் இல்லை. சிவப்பு மை மாத்திரை என்றால் இன்றைய கடைக்காரர் மருந்துக் கடையைக் காட்டுவார். இதெல்லாம் போனதில் எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. பன்னிரண்டு குறிப்பு மட்டும் போகவில்லை. அதுதான் இப்போது ஓட்டை போட்ட அட்டையாக என் மகள் கையில் இருக்கிறது. படித்தோமே என்று நான் அடித்த பெருமையின் லட்சணம் அவ்வளவுதான்.

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போன சமயம், திருத்தி வைத்த கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நாற்பது தாள். பெரிய வாத்தியாரைப் போல ஒன்றைத் திருடிக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன்.

"என்னப்பா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லி, நாற்பதையும் அப்படியே திருப்பி வைத்தேன்.