இடது கன்னம்

எங்கள் அலமாரியின் மேல் ஒரு காகிதச் சுருள் ஏழெட்டு வருடங்களாக இருந்தது. ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டி வைத்தது. வளையம் வெயிலில் இளகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. போன மாதம் வீடு மாறியபோது அதை மெதுவாகப் பிரித்தேன். உள்ளே கறுப்பு மையில் சின்னச் சின்னக் கட்டங்களாலான ஒரு மனித முகம். காது இல்லை, தலைமுடி இல்லை. பார்த்ததும் அந்தக் குளிர்ந்த அறையும் டாக்டரும் நினைவுக்கு வந்தார்கள்.

டாக்டர் என்றால் வைத்தியம் பார்ப்பவர் அல்ல. பல்கலைக்கழகத்தில் கணினியைக் கொண்டு படம் வரையும் ஆராய்ச்சிக் குழு ஒன்று இருந்தது. அதை நடத்திய தமிழ்ப் பெண்மணி அவர். முப்பது வயதுதான் இருக்கும். நான் அங்கே உதவியாள். தரை துடைப்பது, பெட்டி தூக்குவது, படம் வரையும் இயந்திரத்துக்குக் காகிதம் மாற்றுவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் முகத்தின் இடப்பக்கம் தொங்கிப்போனது. கண் பாதி மூடியிருக்கும், உதடு கீழே இழுத்திருக்கும். பள்ளியில் எல்லோரும் என்னைக் கோணவாயன் என்றார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. பேருந்தில் இடப்பக்க ஜன்னலோரம்தான் உட்காருவேன். கோவிலில் பூசைக்குப் போனாலும் இடப்பக்கச் சுவரை ஒட்டிய இடம்தான் என் இடம். என் இடது கன்னத்தைக் கண்ணாடிகளும் சுவர்களும்தான் அதிகம் பார்த்திருக்கும்.

அந்த அறையில் எப்போதும் குளிர்சாதனம் ஓடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டிருப்போம். விளக்கைக் குறைத்துவிட்டால் திரையில் பச்சைக் கோடுகள் மிதக்கும். ஒரு கிண்ணம், ஒரு சங்கு, பிறகு ஏதோ மலை போன்ற ஒன்று. எல்லாம் தண்ணீருக்கடியில் திரும்புவதுபோல் மெல்லத் திரும்பும். எனக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் துடைப்பத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

ஒரு நாள் டாக்டர் என்னிடம் வந்தார். "அண்ணே, ஒரு மனுஷ முகம் வேணும். இந்தப் பசங்க மூஞ்சில கோடு போட்டா சிரிச்சே அழிச்சிடுறானுங்க. நீங்கதான் ஆடாம இருப்பீங்க." நான் பதறிப்போய் இடப்பக்கத்தைச் சுவர் பக்கம் திருப்பினேன். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "வலது பக்கம் மட்டும் போதும்ண்ணே. மிச்சத்த மெஷினே போட்டுக்கும்" என்றார்.

புருவம் தீட்டும் பென்சிலால் என் வலது பாதியில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். விரல்கள் ஐஸ்போல் இருந்தன. முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் படம் எடுத்தார்கள். படங்களைப் பெரிதாக்கி, கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியையும் மாணவர்கள் அளவுகோலால் அளந்து கணினிக்குக் கொடுத்தார்கள். அதற்கே பல நாள் ஆயிற்று. பிறகு கணினி அந்தப் பாதியைக் கண்ணாடியில் காட்டுவதுபோல் மறுபக்கமும் வரைந்து முகத்தை முழுதாக்கியது.

திரையில் வந்த மனிதரை நான் மறக்கவில்லை. இரண்டு கண்ணும் ஒரே அளவு, உதடு நேர்க்கோடு. காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் நான் இப்படித்தான் இருந்திருப்பேன். அவர் திரும்பினார். பின்பக்கம் ஒன்றுமில்லாமல் முகமூடிபோல் குழிந்திருந்தது. மீண்டும் முன்னால் வந்தார். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். என் ஆசையைப் பார்த்த சீன மாணவர் ஒருவர், "அங்கிள், வேணுமா?" என்று கேட்டு இயந்திரத்தில் ஒரு காகிதத்தைப் பொருத்தினார். பேனா முன்னும் பின்னும் ஓடி அவரை வரைந்து கொடுத்தது. சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. மூன்று வாரத்தில் பல்கலைக்கழகப் பெரியவர்கள் எங்கள் வேலையைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் அந்த முகம் சிரித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அறையை வேறு துறைக்குக் கொடுத்துவிடுவார்கள், டாக்டரின் வேலையும் போய்விடும். முகம் சிரித்தது. ஆனால் பொம்மை சிரிப்பதுபோல் இருந்தது. "பேங்க் மேனேஜர் லா" என்று அந்தச் சீன மாணவர் இந்த ஊர்ப் பேச்சில் இழுத்துச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

மாலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, தப்பு எங்க மேலதான். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். யாருக்கும் அப்படி இல்ல. இன்னொரு பக்கமும் இருந்தா உயிர் வரும். வேணாம்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பாக்குறேன். நாள்தான் பத்தாது."

நான் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் விடுப்பும் எடுத்தேன்.

இரண்டாம் நாள் காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்த என் மனைவி, சமையலறையில் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். என்ன நினைத்தேனோ, சுருளை எடுத்து அவள் முன்னால் விரித்துப் பிடித்தேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"யாருங்க இது? ஒங்க சாரா?"

"இல்ல. நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்குறேன். நம்ம ஆளு மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. சிரிச்ச மூஞ்சியே இல்லயே இவருக்கு. அந்தப் பக்கம் வைங்க, மீன் தண்ணி பட்டுடும்."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி மீனிடம் திரும்பிவிட்டாள். நான் சுருளைச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு அலமாரி மேல் வைத்தேன்.

மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்து இடது கன்னத்தை விளக்குப் பக்கம் திருப்பினேன். அவர் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு தொடங்கினார். வலப்பக்கத்தை எப்படிப் பார்த்தாரோ அப்படியேதான் இதையும் பார்த்தார். பார்வையைத் தவிர்க்கவுமில்லை, கூடுதலாகப் பார்க்கவுமில்லை. உதட்டின் ஓரத்துக்கு வந்தபோது மட்டும் கோடுகள் நெருங்கின. "இங்க நெருக்கமாப் போடணும்ண்ணே" என்றார். "சமமா இருக்கிற எடத்துல நாலு கோடு போதும். விஷயம் இருக்கிற எடத்துல நெறயப் போடணும்." வேலை முடிந்ததும் பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டுக் கொடுத்தார். கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று கோடுகளைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. மீன் வலைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் நான் என்னையே பார்த்தேன்.

பெரியவர்கள் வருவதற்கு முந்தைய நாள்தான் முகம் தயாரானது. விளக்கைக் குறைத்தார்கள். பச்சை முகம் திரும்பியது, நின்றது, சிரித்தது. ஒரு பக்கம் மேலே போனது. மறுபக்கம் யோசித்து, பின்தங்கி, பிறகு வந்தது. பின்வரிசையிலிருந்து அந்தச் சீன மாணவர், "எய், அங்கிள் லா" என்றார். அவர் குரலில் கேலியே இல்லை. தெருவில் தெரிந்தவரைப் பார்த்துக் கூப்பிடுவதுபோல் இருந்தது. மறுநாள் வந்தவர்களில் நரைத்த தலைக்காரர் ஒருவர் திரையைப் பார்த்தார், அறையைச் சுற்றிப் பார்த்தார், கதவோரம் நின்ற என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சுவர் பக்கம் திரும்பவில்லை.

அறை நிலைத்தது. டாக்டர் இரண்டு வருடம் கழித்து வெளிநாடு போனார். போகும் முன் இன்னொரு சுருளைக் கொடுத்து, "இதுதாண்ணே நீங்க" என்றார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் ஊரில், தஞ்சோங் பகார் பக்கம், தரைக்கடியில் ரயில் ஓடுகிறது. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஜன்னல் கறுப்பாகி என் முகம் அதில் மிதக்கும். எந்தப் பக்கம் இடம் கிடைக்கிறதோ அங்கே உட்காருகிறேன். வயதாவதால் வலது கன்னமும் மெல்லத் தொங்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடலாம். டாக்டர் இருந்தால் மறுபடி அளக்கச் சொல்லியிருப்பேன்.

டாக்டர் கொடுத்த படத்தை மனைவி அப்போதே சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். புது வீட்டிலும் கூடத்தில் முதல் ஆணியை அதற்குத்தான் அடிக்கச் சொன்னாள். பிறகு, நான் பிரித்து வைத்திருந்த பழைய சுருளைக் கையில் எடுத்தாள்.

"ஏங்க, ஒங்க சார எங்க வைக்கிறது?"

அவரை ஒரு முறை பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒரே அளவு. நல்ல மனிதர். ஆனால் இந்த வீட்டில் அவருக்கு யாரையும் தெரியாது.

"அலமாரி மேலயே இருக்கட்டும்" என்றேன்.

அவள் புது ரப்பர் வளையம் ஒன்றைத் தேடிப் போட்டாள்.