புளி போட்டுத் தேய்த்த டம்ளர்

தில்லை நகர் லேசர் மெஷின் ஷோரூமில் அந்த மேடம் என் கையில் கொடுத்த மாதிரித் தகடு இன்னும் கண்ணில் நிற்கிறது. பூவும் கொடியும் எழுத்துமாக, குறையே இல்லாமல் இருந்தது. குறையே இல்லாததுதான் எனக்கு இடித்தது. வேறு ஏதோ நல்ல மெஷினில் போட்டு எடுத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொடுப்பது என் தொழில். இத்தனை வருடமும் கையில் பிடித்து வெட்டும் மெஷின்தான். அதன் அதிர்வில் வலது கை விரல்கள் மரத்துப்போய்விட்டன. இனிமேல் அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு லேசர் மெஷின் வாங்கியாக வேண்டும். அது தப்பாகப் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

மேடம் இரண்டு மெஷின்களைக் காட்டினார். "சின்னதுல போட்டா எழுத்து கறுப்பா பளிச்சுன்னு தெரியும்ணே. ஆனா விளக்க விளக்கப் போயிரும். பெருசு ஆழமா வெட்டும். உங்களுக்கு அதுதான் சரி" என்றார். விலை கூடியதை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று பட்டது. வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். மறுநாள் வீட்டிலிருந்து இரண்டு டம்ளர்களைத் துணிப்பையில் கொண்டுபோய் நீட்டினேன். மெஷினுக்கு ஒன்றாகப் பெயர் போட்டுக் கொடுத்தார். வீட்டில் என் மனைவி இரண்டையும் புளி போட்டுத் தேய்த்தாள். சின்ன மெஷினில் போட்ட எழுத்து மட்டும் கரைந்து போயிற்று.

"அந்தம்மா சொன்னபடிதானே ஆயிருக்கு. இன்னும் என்ன யோசனை?" என்றாள்.

வேண்டுமென்றே லேசாகப் போட்டிருப்பார் என்றேன்.

மூன்றாம் நாளும் போய், புளி போட்டுத் தேய்த்ததில் எழுத்து கரைந்ததைச் சொன்னேன். பையிலிருந்து இன்னொரு டம்ளர் வெளியே வந்ததும் மேடத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீங்களே உக்காந்து போடுங்கண்ணே. விட்டா என்னையும் புளி போட்டு விளக்கிப் பாத்துருவீங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். காது சூடாக, அந்தச் சின்ன மெஷினில் நானே போட்டேன். அன்று மாலை அந்த எழுத்தும் கரைந்தது.

நான்காம் நாள் பெரிய மெஷினுக்கு ரசீது போட உட்கார்ந்த மேடம், நான் முன்பு சொல்லியிருந்த பெயரையும் ஊரையும் எழுதிவிட்டு, முழு முகவரி கேட்டார். அதுவரை அவரிடம் வேறு ஒரு பெயரைச் சொல்லி, முசிறிக்காரன் என்று நம்பவைத்திருந்தேன். வீடு தெரிந்தால் மெஷின் வாங்கச் சொல்லி விடாமல் வந்து நிற்பார்கள் என்ற பயம். ஆனால் வாரண்டி என் பெயரில் இருக்க வேண்டுமே. உண்மைப் பெயரையும் ஸ்ரீரங்கத்து முகவரியையும் தலை குனிந்தபடி சொன்னேன். பேனா நின்றது.

"ஊருக்கெல்லாம் பேர் வெட்டுறவரு, உங்க பேரையே மாத்திச் சொல்லிட்டீங்களேண்ணே."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு புதிய ரசீது ஒன்றை எடுத்து, நான் சொன்னதை அப்படியே எழுதினார். அது சரிதானா என்று அவர் இன்னொரு முறை கேட்கவில்லை.

மெஷின் நன்றாக ஓடுகிறது. போன மாதம் சர்வீஸ் விஷயமாகப் போனபோது, வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க முசிறி அண்ணே" என்றார். நான் திருத்தவில்லை.