கொட்டைப்பால் பூசிய தேர்தல்

போன தேர்தலில் வாக்குப் போடப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை என் விரலைப் பிடித்து, மை தோய்த்த குச்சியைக் கிட்டக் கொண்டுவந்தாள். நான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். "பயப்பிடாதைங்கோ அம்மா, இது ஒண்டும் செய்யாது" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் என் கைக்கு அது விளங்கவில்லை. அதற்கு ஒரு பழைய தேர்தல் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அப்போது நான் துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்தேன். நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் நிறுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. சாக்கும் மண்ணெண்ணெயும் கலந்த அந்தக் கடை வாசம் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் தலைமயிரில் இருக்கும். தராசு முள் நடுவில் நின்றால்தான் பொருளை எடுத்துக் கொடுப்பேன். கொஞ்சம் கூடப் போடு பிள்ளை என்று கேட்டவர்கள் எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டு போனவர்கள்தான். அந்தத் திட்டுத்தான் எனக்கு நல்ல பெயரையும் வாங்கித் தந்தது. சொந்தத் தகப்பனுக்கே ஒரு பிடி கூடப் போடாதவள் என்று ஊரில் கதை. அப்பாவிடம் கேட்டிருந்தால் பெற்றவனை மதிக்காதவள் என்று சொல்லியிருப்பார்.

எங்கள் ஊருக்குச் சோறு போட்டது ஒரு குளம். குளத்து மதகான துருசைத் திறந்தால் தண்ணீர் ஒரே வாய்க்காலில் வந்து, முதலில் மேல்பக்க வயல்களுக்கும் பிறகு கீழ்ப்பக்க வயல்களுக்கும் போகும். மழை நன்றாகப் பெய்த காலபோகத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. கோடைச் சிறுபோகத்தில் குளம் பாதி வற்றிக் கிடக்கும். அப்போது யாருக்கு முதல் தண்ணீர், எத்தனை நாள் தண்ணீர் என்று சொல்பவர் வாய்க்கால் தலைவர். அவர் வாயைத் திறந்தால்தான் துருசும் திறக்கும். மேல்பக்கத்தார் ஒருவர் தலைவராக வந்தால் கீழ்ப்பக்கத்துக்குக் கடைசியில் மிஞ்சுவது சேறுதான். இது எல்லோருக்கும் தெரியும். மேல்பக்கத்தாருக்கு மட்டும் தெரியாது. அப்பா மேல்பக்கத்தார்.

அந்த வருசம் மேல்பக்கத்தில் சின்னராசாண்ணை நின்றார். கீழ்ப்பக்கத்தில் மங்கையக்கா. புருசன் போன பிறகு தனியாக மாடு பிடித்து உழுதவர் அவா. கடைசி வரம்புக்கு அங்கால்தான் அவவின் வயல். நாற்றும் மேடையில் வளர்ந்து நின்றது. அந்தப் போகம் தண்ணீர் வராவிட்டால் அவவுக்கு வேறு வழி இல்லை. ஒரு பெண் தலைவராக நிற்கிறதா என்று முறுமுறுத்தவர்கள் கீழ்ப்பக்கத்திலும் இருந்தார்கள், தண்ணீர் என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

முன்னே எல்லாம் கையை உயர்த்தித்தான் தெரிவு நடக்கும். இந்த முறை இரகசியமாகப் போடவேண்டும் என்று இரண்டு பக்கமும் நின்றது. போரால் தாள் கிடைக்காத காலம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே கொப்பி இல்லை. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, கொட்டை நுழைய ஓட்டை விட்டு வாயைத் துணியால் கட்டிய, வேட்பாளருக்கு ஒன்றாக இரண்டு பானைகள், பானைகளுக்கு முன் ஒரு சேலை மறைப்பு. நான்தான் தேர்தல் அதிகாரி. "முள்ளு நடுவில நிண்டாத்தான் அரிசி தருவாள், இவளே இருக்கட்டும்" என்று மங்கையக்காதான் முதலில் என் பெயரைச் சொன்னவா. மேல்பக்கத்தாரும் ஓம் என்றார்கள். நான் இன்னாரின் மகள் என்பது அவர்களுக்கு மறந்திருக்காது.

மைதான் பிரச்சினை. எல்லா வீட்டிலும் இடம்பெயர்ந்து வந்த சொந்தக்காரர் நிறைந்திருந்ததால் யார் ஊர்க்காரர், யார் விருந்தாளி என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஒருவரே இரண்டு தரம் வந்தால் எப்படிப் பிடிப்பது? அப்பாதான் வழி சொன்னார். மரமுந்திரிகைக் கொட்டையின் கோதை நசித்தால் வரும் பால் பட்டால் கறை இலேசில் போகாது. "தோல் வெந்துபோமே அப்பா" என்றேன். "அதுக்குத்தான் தேங்காயெண்ணெய் கலக்கிறது. உனக்கு ஒண்டும் தெரியாது" என்றார். கலந்தோம். தேங்காயெண்ணெய் அந்தப் பாலின் நிறத்தைத்தான் குறைத்தது, குணத்தைக் குறைக்கவில்லை. பூசும்போது விரலில் எண்ணெய் மினுக்கம்தான் தெரிந்தது. வேட்டியில் ஒருக்கால் துடைத்தால் அதுவும் இல்லை.

நான் நாள் முழுக்கப் பால் நிறைத்த சிரட்டையில் என் விரலை விட்டு விட்டு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் பூசிக்கொண்டிருந்தேன். என்னுடைய இந்த விரல் பிசுபிசுத்தால் அந்த விரல், இந்தக் கை அலுத்தால் அந்தக் கை. கடமையில் அவ்வளவு உற்சாகம்.

மாலையில் இரண்டு பக்கத்தாருக்கும் முன்னால் பானைகளைக் கவிழ்த்து எண்ணினேன். சின்னராசாண்ணைக்கு உள்ளங்கையில் அள்ளினால் ஒரு சிறங்கை கொட்டை கூட. மேல்பக்கத்தார் வெடி கொளுத்தாத குறை. "இதுதான் நேர்மையான தேர்தல்!" என்று அப்பா என் முதுகில் தட்டினார். கீழ்ப்பக்கத்தார் "கள்ளம்! கள்ளம்!" என்று கத்தினார்கள். மங்கையக்கா கவிழ்ந்து கிடந்த தன் பானையை நிமிர்த்தி வைத்தா. என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு நடந்து போய்விட்டா.

இரண்டு நாள் கழித்துக் கொட்டைப்பால் தன் வேலையைக் காட்டியது. ஊர் முழுக்க விரலில் கொப்புளம். சோறு குழைக்க ஏலாது, மண்வெட்டி பிடிக்க ஏலாது. சங்கக்கடைக்கு வந்தவர்கள் ஒரு விரலைத் தனியே நீட்டிக்கொண்டு வந்தார்கள். வலியோடு வலியாக எல்லோரும் ஒரு விசயத்தைக் கண்டார்கள். சிலருக்கு இரண்டு கையிலும் கொப்புளம், இரண்டாம் தரம் வந்தபோது மற்றக் கையை நீட்டியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தோம். மேல்பக்கத்துக் கணபதியண்ணைக்கு இரண்டு கையிலும் புண். "அது குசினியில சுட்டது" என்று அப்பா சத்தியம் செய்தார். கணபதியண்ணை குசினிக்குள் போய் அடுப்பு மூட்டி அதுவரை ஒருவரும் கண்டதில்லை. கீழ்ப்பக்கத்தில் இரண்டு புண் வைத்திருந்த ஒருவருக்கோ அது "குளவி குத்தினது" ஆனது. தங்கள் ஆளின் இரண்டாவது கொப்புளத்துக்கு எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. மற்றப் பக்கத்து ஆளின் கொப்புளத்துக்கு ஒரே காரணம்தான். இதில் இரண்டு பக்கமும் அப்படி ஒற்றுமை. வேறு எதிலும் அந்த ஊரை நான் அவ்வளவு ஒற்றுமையாகக் கண்டதில்லை.

எல்லாவற்றிலும் மோசம் என் கை. பத்து விரலும் வெந்து வீங்கிப் போயிருந்தன. "அதிகாரியம்மா பத்து வோட்டுப் போட்டிருக்கிறா" என்று கீழ்ப்பக்கத்தில் கதை கட்டினார்கள். மேல்பக்கத்திலோ, நான் மங்கையக்காவுக்குப் போட்டதால்தான் வித்தியாசம் இவ்வளவு குறைந்தது என்றார்கள். தராசுக்காரிக்கு இரண்டு தட்டிலும் அடி. அப்பாவே ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "உண்மையைச் சொல்லு, நீ ஆருக்குப் போட்டனீ?" என்று கேட்டார். அதுதான் எனக்குப் புண்ணைவிட எரிந்தது.

சின்னராசாண்ணை தலைவர்தான், ஆனால் அவர் சொல்லை யாரும் கேட்கவில்லை. அவர் நாள் குறித்தபோது கீழ்ப்பக்கத்தார் பட்டப்பகலில் வந்து தாங்களே துருசைத் திறந்தார்கள். மேல்பக்கத்தார் அதற்குப் போட்டியாக வாய்க்காலை வெட்டித் தங்கள் வயலுக்குத் திருப்பினார்கள். தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு பற்றைப் புதருக்குள் போனது. நெல் கதிர் கட்டிக் குடலை தள்ளும் நேரத்தில் குளம் அடி வற்றி வெடித்துக் கிடந்தது. மேல்பக்கத்திலும் பதர், கீழ்ப்பக்கத்திலும் பதர். மங்கையக்காவின் வயலில் பதர்கூட இல்லை, நட்டது நட்டபடி காய்ந்து நின்றது.

அதற்குப் பிறகு ஒரு நாள் அவா எங்கள் வீட்டுக்கு வந்தா. அப்பா மாட்டோடு வெளியே போயிருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை, படியிலேயே இருந்தா. என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. புண் ஆறித் தோல் உரிந்துகொண்டிருந்தது.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். நான் உண்மையாத் தோத்தனானா?"

நான் கையை மெல்ல இழுத்துக்கொண்டேன்.

"தண்ணிக்காகக் கேக்கேல்லை. அது முடிஞ்சுது. என்ர தம்பின்ர ரெண்டு கையிலயும் புண் இருக்கு. குளவி எண்டு சொல்லுறான். நான் அவனை வளத்தனான், எனக்குத் தெரியாதே? உங்கட பக்கமும் போட்டிருக்கு, எங்கட பக்கமும் போட்டிருக்கு. அதெல்லாத்தையும் கழிச்சா நான் தோத்தனானா, வெண்டனானா? நீதானே எண்ணினனீ."

எண்ணினேன்தான். ஆனால் கொட்டைக்கு முகம் இல்லையே, எது முதல் கையால் விழுந்தது, எது இரண்டாம் கையால் விழுந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? "தெரியேல்லை அக்கா" என்றேன். அது உண்மை. தராசு பிடித்துப் பழகிய எனக்கு அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

 அவா எழும்பிச் சேலையைத் தட்டினா.

"நீ ஓம், தோத்ததுதான் எண்டு சொல்லியிருந்தா நம்பியிருப்பன் பிள்ளை."

அடுத்த மழைக்கு முன் போர் எங்கள் பக்கம் வந்துவிட்டது. மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே வீதியால், ஒரே புழுதியில், மூட்டை முடிச்சோடு போனோம். சின்னராசாண்ணையின் வண்டிலில் மங்கையக்காவின் சட்டி பானைகளும் இருந்தன என்று யாரோ சொன்னார்கள். நான் காணவில்லை. மங்கையக்காவையும் பிறகு காணவில்லை. கனகராயன்குளம் என்ற ஊரில் இருந்தா என்றார்கள், பிறகு அங்கும் இல்லை என்றார்கள்.

இப்போது மை நல்ல மை. ஒருவருக்கும் கொப்புளம் போடுவதில்லை. வாக்குப் போட்டுவிட்டு வந்து வீட்டில் இருந்தால் முடிவு தொலைக்காட்சியில் வருகிறது. எங்கள் ஆள் வென்றால் மருமகன் நேர்மையான தேர்தல் என்கிறான், தோற்றால் கள்ளம் என்கிறான். அப்பாவின் குரல் அப்படியே இருக்கிறது. எண்ணியவர்கள் யார், எந்த ஊர், எவர் பிள்ளை, அவர்கள் கை எப்படி இருக்கிறது என்று கேட்பார் இல்லை. தோற்ற பிறகு, தன் தம்பியின் கையையும் பார்த்துவிட்டு, எண்ணியவளின் படியில் வந்திருந்து, நீ சொன்னால் நம்புகிறேன் என்று கேட்ட ஒருவரை நான் அதற்குப் பிறகு சந்திக்கவே இல்லை.