ஆளுக்கொரு கல்

தீவில், வண்டூர்ப் பக்கத்து உப்பங்கழியில் அறுபதுகளில் டோங்கிப் படகு ஓட்டிய அந்தத் தூத்துக்குடிக்காரருக்குப் புருவம்கூட உப்பில் வெளுத்திருந்தது. அங்கே எந்தப் படகு கவிழ்ந்தாலும் கூப்பிடாமலே குதித்துத் தேடுபவர் அவர் ஒருவர்தான். ஏறுமுன் ஆளுக்கொரு கல்லைக் கரையிலிருந்த டப்பாவில் போடச் சொல்வார். அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து கொட்டுவார்.

"எதுக்கு அண்ணாச்சி?" என் கல்லைப் போட்டபடி கேட்டேன்.

"போன மழையில ஒரு டோங்கி உல்டா ஆயிட்டு. மெயின்லேண்டுலேருந்து புதுசா வந்த கூலியாளுவ. ஏழு பேரைத் தூக்கினேன். எட்டாவதா ஒருத்தன் இருந்தானான்னு யாருக்கும் மாலூம் இல்ல. இப்போ தூக்குற ஆளுக்கு ஒரு கல்லா எடுத்து, டப்பா காலியாகுற வரைக்கும் தேடலாம்லா."

"உங்களுக்குக் கல் போடலையே?"

"தேடுறவனே நான்தானே, தம்பி."

அக்கரையில் இறங்கினேன். எங்கள் கற்களைக் கொட்டுவதற்காக அவர் தனியாகத் துடுப்புப் போட்டுத் திரும்பினார். அவர் கரை சேரும்வரை நான் நகரவில்லை.